முஸ்தபாவுக்குச் சாகாவரம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம்ஸ் கடையில் ஒரு டோக்கன் ஒரு ரூபாய். டோக்கனைப் போட்டதும் திரையில் நான்கு பேர் வரிசையாக வருவார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒருவன்தான்: ஓடிவந்து எகிறி உதைக்கிற முஸ்தபா. பக்கத்து ஸ்டிக்கைப் பிடித்திருப்பவன் அவனை முந்திக்கொண்டு எடுத்துவிட்டால் அன்றைக்கு அந்த ஒரு ரூபாய் வீண். ஆட்டத்துக்கு வேறு பெயர் ஏதாவது இருக்கும் என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. அது ‘முஸ்தபா கேம்’, அவ்வளவுதான்.

உண்மையான பெயர் ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’. ஜப்பானின் காப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த ‘ஜீனோசோயிக் டேல்ஸ்’ படக்கதையை வைத்துச் செய்தது. கதைப்படி நாயகன் ஜாக் டென்ரெக். முஸ்தபா கைரோ கூட வரும் தோழர்களில் ஒருவர். இந்தியாவில் தோழன் நாயகனை ஓரங்கட்டிவிட்டான். இன்னொரு விஷயமும் உண்டு. காப்காமின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ போன்றவை வீட்டு இயந்திரங்களுக்கும் வந்தன. இந்த ஆட்டம் வரவே இல்லை. இதை ஆட வேண்டுமென்றால் கடைப் பெட்டிக்குள் இருந்த போர்டு, அதாவது மின்சுற்றுப் பலகை வேண்டும், இல்லையென்றால் அந்த போர்டைப் போலவே கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருளான எமுலேட்டர் வேண்டும்.

இப்படிப்பட்ட கடை ஆட்டங்களுக்கான எமுலேட்டர்களில் பெயர்பெற்றது ‘மேம்’. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் அதன் முதல் பதிப்பை வெளியிட்டார். அதில் முஸ்தபாவின் பெயர் ‘டைனோ’. கணினியில் அது முதன்முறையாக ஓடியபோது நான் செய்தது, அந்தக் கடையில் கை வைக்க முடியாத எல்லாவற்றையும்தான். ஆட்டத்தை நிறுத்தினேன். செத்தவனை எழுப்பினேன். பாஸ் சண்டையை ஒன்பது முறை திருப்பி ஆடினேன். இதையெல்லாம் எமுலேட்டர்காரர்கள் ‘கூடுதல் வசதிகள்’ என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். பட்டியலைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது சமாசாரம் போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே தந்திரம்.

அந்த போர்டில் 68000 என்ற முக்கியச் செயலி விநாடிக்கு 1 கோடியே 20 லட்சம் துடிப்புகளில் ஓடியது. ஒலியைக் கவனிக்க இசட்80 என்ற இரண்டாவது செயலி. அதன் பேச்சைக் கேட்டு ஒலியை உண்டாக்க ‘க்யூசவுண்ட்’ சிப். திரை விநாடிக்கு ஏறத்தாழ 59.6 முறை புதிதாக வரையப்படும். அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் முக்கியச் செயலிக்குக் கிடைப்பது சுமார் 2 லட்சம் துடிப்புகள். அதற்குள் டைனோசார் எங்கே நிற்கிறது, யார் யாரை அடித்தார்கள், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று எல்லாக் கணக்கையும் முடித்துவிட வேண்டும். அந்தக் கணக்குகளை எழுதி அழிக்கும் சிலேட்டின் அளவு 64 கிலோபைட். படத்துக்கென்று தனியாக 192 கிலோபைட். ஆக, ஒரு குறிப்பிட்ட கணத்தில் அந்த இயந்திரத்துக்கு ‘தெரிந்தது’ மொத்தமும் கால் மெகாபைட்டைச் சற்றே தாண்டும் எண்கள். செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது.

கடையில் அந்த எண்கள் சிப்புக்குள் மின்னேற்றமாக இருந்தன. யாரும் தொட முடியாது. எமுலேட்டரில் அதே எண்கள் நம் கணினியின் நினைவகத்தில் ஒரு வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றை நிறுத்தலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், வேண்டாமென்றால் தூக்கிப்போட்டுப் பழைய நகலை வைக்கலாம். கூடுதல் வசதிகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றாக இருக்கும், அல்லது இரண்டு மூன்றின் கலவையாக இருக்கும்.

முதலில் ஆட்டம் ஓட வேண்டுமே. புதிதாக வருபவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான். ஆட்டத்தின் நிரலையும் படங்களையும் நிரந்தரமாக வைத்திருப்பவை போர்டின் ரோம் சிப்புகள். ஒவ்வொன்றின் உள்ளடக்கமும் ஒரு கோப்பு. அவை சேர்ந்த ஜிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே ‘ரோம்ஸ்’ அடைவில் வைக்க வேண்டும். பெயரையும் மாற்றக் கூடாது. ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் மேம் தன் பட்டியலோடு ஒப்பிடும். ஒரு பைட் பிசகினாலும் முறைத்துக்கொள்ளும். முஸ்தபாவுக்குக் கூடுதலாக ஒரு வில்லங்கம்: எல்லாம் சரியாக இருந்தும் ‘டிஎல்-1425’ இல்லை என்று ஒரு புகார் வரும். அது க்யூசவுண்ட் சிப்புக்குள்ளேயே பொதிந்திருந்த சிறு நிரல். பல ஆட்டங்களுக்குப் பொதுவானது என்பதால் தனிப் பொட்டலமாக வைத்திருக்கிறார்கள். அந்த நிரலை வெளியிலிருந்து படிக்க வழியில்லாததால், சிப்பின் மேலோட்டை அகற்றி உள்ளிருக்கும் சிலிக்கனைத் திறந்து பார்த்து எடுத்தார்கள். அதற்கு முன்பு பல ஆண்டுகள் க்யூசவுண்டின் நடத்தையைக் கேட்டுப் போலச் செய்துதான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரோம் எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். அது காப்காமின் சொத்து. பழக வேண்டுமென்றால் ‘கிரிட்லீ’, ‘ராபி ரோட்டோ’ போன்ற சில பழைய ஆட்டங்களை வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த உரிமையாளர்களே அனுமதித்திருக்கிறார்கள். மேம் குழுவின் தளத்திலேயே அவை இருக்கின்றன. கீழே சொல்லப்போகும் வித்தைகளில் பெரும்பாலானவற்றை அவற்றிலேயே செய்து பார்க்கலாம்.

ஆட்டம் ஓடும்போது டேப் விசையைத் தட்டினால் மேமின் பட்டியல் திறக்கும். எஃப்2 விசை இன்னும் சுவாரஸ்யமானது. கடைக்காரர் சாவி போட்டுப் பெட்டியைத் திறந்து அழுத்தும் ‘டெஸ்ட்’ பட்டன் அது. ஆட்டம் எவ்வளவு கடினம், ஒரு டோக்கனுக்கு எத்தனை லைஃப் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். ‘பேக்மேன்’ காலத்து போர்டுகளில் இதற்கு டிப் ஸ்விட்ச் என்று எறும்பு அளவில் ஒரு வரிசை சுவிட்சுகள் இருந்தன. முஸ்தபா போர்டில் அவை இல்லை. அமைப்புகளை மின்சாரம் போனாலும் மறக்காத ஒரு சின்ன நினைவகச் சிப்பு வைத்திருக்கும். மேம் அதையும் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்கிறது. எங்கள் கடையில் இரண்டாவது பாஸைத் தாண்டியவர்கள் ஏன் அத்தனை குறைவு என்பது எனக்கு இந்தப் பட்டியலைப் பார்த்த அன்றுதான் விளங்கியது. கடைக்காரர்மேல் சந்தேகம் இன்னும் தீரவில்லை.

சேவ் ஸ்டேட் என்பது அந்தக் கால் மெகாபைட் எண்களோடு செயலிகள் எந்த வரியில் நிற்கின்றன என்பதையும் சேர்த்து வட்டில் எழுதிவைப்பது. திரும்ப எடுத்தால் முஸ்தபா தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்பான். ஆட்டத்துக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. இதையே படத்துக்குப் படம் செய்துகொண்டே போனால் பின்னோக்கி ஓட்டும் வசதி கிடைக்கிறது. ‘ரெட்ரோஆர்ச்’ என்ற மென்பொருளில் ஆடுகிறவர்கள் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் போதும், விழுந்த அடியெல்லாம் திரும்பிப் போகும். ஒவ்வொரு படத்துக்கும் முழு நகல் வைத்தால் விநாடிக்கு 15 மெகாபைட்டுக்கு மேல் தின்றுவிடும். அதனால் முந்தைய நகலிலிருந்து மாறிய எண்களை மட்டுமே அது குறித்துக்கொள்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையில் மாறுவது கொஞ்சம்தானே.

இனி ‘சீட்’ எனப்படும் ஏமாற்று வழிக்கு வருவோம். சாகாவரம் வாங்குவது எப்படி?

மேமின் அமைப்புக் கோப்பில் ‘சீட்’ என்ற வரியில் 0-ஐ 1 ஆக்கிவிட்டு, ஆர்வலர்கள் தொகுத்து வைத்திருக்கும் சீட் கோப்பை மேம் அடைவில் வைத்தால், டேப் பட்டியலில் புதிய வரி முளைக்கும். ‘தீராத உயிர்’ மாதிரியான தலைப்புகளை அங்கே முடுக்கிவிடலாம். பெரும்பாலோர் இத்தோடு நிற்கிறார்கள். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், இப்படிப்பட்ட சீட் பெரும்பாலும் இவ்வளவே: ‘இன்ன முகவரியில் இன்ன எண்ணை ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை எழுது.’ ஆட்டம் அடி வாங்கி ஒன்றைக் குறைக்கும். எமுலேட்டர் அடுத்த படத்துக்குள் பழையபடி நிரப்பிவிடும். அட்சய பாத்திரம்தான். ஆட்டத்தின் நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அந்த முகவரியை யார் கண்டுபிடித்தார்கள், எப்படி? 65,536 பெட்டிகள் கொண்ட ஒரு அலமாரியில் ஒன்றில் மட்டும் முஸ்தபாவின் லைஃப் எண்ணிக்கை இருக்கிறது. ஆட்டத்தை நிறுத்தி எல்லாப் பெட்டிகளையும் நகலெடுங்கள். ஆட்டத்தைத் தொடர்ந்து, வேண்டுமென்றே ஒரு லைஃபை இழந்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள். இரண்டு நகலையும் ஒப்பிட்டு, சரியாக ஒன்று குறைந்திருக்கும் பெட்டிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கொஞ்ச நேரம் சாகாமல் ஆடி, இந்த முறை மாறாதவற்றை மட்டும் வையுங்கள். மறுபடி செத்துக் குறைந்தவற்றை. சில சுற்றுகளில் சல்லடையில் விரல்விட்டு எண்ணும் அளவே தங்கும். மேமுடன் வரும் ‘சீட் ஃபைண்ட்’ என்ற செருகுநிரல் இதைச் செய்து தருகிறது. ‘3 என்று தெரிகிறதே, 3 இருக்கும் பெட்டியைத் தேடுவோம்’ என்று தொடங்கினால் ஏமாறலாம். திரையில் 3 என்று காட்டிவிட்டு உள்ளே 2 என்று வைத்திருக்கும் ஆட்டங்கள் உண்டு. பேக்மேன் இன்னும் குறும்பு: உண்மையான லைஃப் கணக்கு ஒரு பெட்டியில், திரையில் வரைவதற்கான எண்ணிக்கை பக்கத்துப் பெட்டியில். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டால் திரையில் உயிர்கள் நிறைந்திருக்கும், ஆட்டமோ முடிந்திருக்கும்.

என்னைக் கேட்டால் சீட் போட்டு ஆடுவதைவிட சீட் தேடுவதுதான் நல்ல ஆட்டம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியின் நினைவகம் என்றால் என்ன என்று புரியவைக்க இதைவிட மலிவான ஆய்வுக்கூடம் எனக்குத் தெரியாது.

கூடுதல் வசதிகளிலேயே என்னை வாய்பிளக்க வைத்தது ‘ரன்-அஹெட்’. 2018-ல் ரெட்ரோஆர்ச்சில் வந்தது. எமுலேட்டரில் ஆடும் எல்லாருக்கும் ஒரு குறை உண்டு: ‘பட்டனை அழுத்தினேன், அவன் லேட்டாகத்தான் அடித்தான்.’ திரை, விசைப்பலகை, இயங்குதளம் என்று ஆளாளுக்குக் கொஞ்சம் தாமதிக்கிறார்கள். ஆனால் தாமதத்தில் ஒரு பங்கு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பட்டன் அழுத்தப்பட்டதை ஒரு படத்தில் படித்து, அடுத்ததில் கணக்கிட்டு, அதற்கும் அடுத்ததில் வரையும்படி அந்தக் காலத்து நிரலர்கள் எழுதியிருப்பார்கள். மூன்று படம் என்றால் 50 மில்லிவிநாடி. கடையில் மற்ற தாமதங்கள் இல்லாததால் அது உறைக்கவில்லை.

ரன்-அஹெட் செய்வது இது. நீங்கள் பட்டனை அழுத்துகிறீர்கள். எமுலேட்டர் ஒரு படம் ஓட்டி, அந்த நிலையை நகலெடுத்து ஓரமாக வைக்கிறது. பிறகு நீங்கள் பட்டனை அதே மாதிரி அழுத்திக்கொண்டே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு படங்களைச் சத்தமில்லாமல் ஓட்டுகிறது. மூன்றாவது படத்தில் முஸ்தபா கையை ஓங்கிவிட்டான் அல்லவா, அந்தப் படத்தை இப்போதே உங்களுக்குக் காட்டிவிடுகிறது. காட்டியதும் எதிர்காலத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நகலுக்குத் திரும்புகிறது. இந்தக் கூத்து விநாடிக்கு அறுபது முறை நடக்கிறது. கால் மெகாபைட் எண்களை நகலெடுப்பது இன்றைய கணினிக்குக் கண்சிமிட்டும் நேரம்கூட இல்லை என்பதால் நாம் எதையும் உணர்வதில்லை. இதனால் அசல் போர்டைவிடவும் வேகமாகப் பதிலளிக்கும் ஆட்டம் சாத்தியமாகிறது. நகல் அசலை மிஞ்சுவதை இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எத்தனை படம் முன்னே ஓட்டலாம் என்பதை ஊகிக்க வேண்டாம், எண்ணிவிடலாம். ரெட்ரோஆர்ச்சில் ஆட்டத்தை நிறுத்தி, அடிக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு, கே விசையால் ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். மூன்றாவது தட்டலில் அசைந்தால் 2 என்று வைக்கலாம். பேராசைப்பட்டு 4 வைத்தால் ஓங்கும் கையின் முதல் சில படங்கள் விழுங்கப்பட்டு முஸ்தபா தாவித் தாவி நடப்பான்.

இதே தந்திரத்தைச் சண்டை ஆட்டக்காரர்கள் அதற்கும் முன்பே கண்டுகொண்டார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டரை 2006-ல் இணையம் வழி ஆடியபோது தாமதம் தாங்காமல் டோனி கானன் என்பவர் ‘ஜிஜிபிஓ’ என்ற முறையை எழுதினார். எதிராளியின் பட்டன் இன்னும் வந்து சேராதபோது, அவர் முன்பு பிடித்திருந்ததையே பிடித்திருப்பார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டிவிடும். ஊகம் தவறென்று தெரிந்தால் பழைய நகலுக்குப் போய், சரியான பட்டனை வைத்துச் சில படங்களை மின்னல் வேகத்தில் மறுபடி ஓட்டி நிகழ்காலத்துக்கு வந்துவிடும்.

சின்ன வசதிகள் சில. ‘ஆட்டோஃபயர்’ செருகுநிரலில் ஒரு படம் அழுத்து, ஒரு படம் விடு என்று கொடுத்தால் விநாடிக்குச் சுமார் 30 அடி. ஜப்பானில் தகாஹாஷி மெய்ஜின் என்பவர் 1980-களில் விநாடிக்கு 16 முறை பட்டன் தட்டியே நட்சத்திரமானவர். அவருக்கே இது இரண்டு மடங்கு. செயலியின் வேகத்தைக் கூட்டும் நகர்த்தியும் உண்டு. திரை நிறைய ஆட்கள் வரும்போது அசல் போர்டே திணறிய ஆட்டங்கள் அதில் சுகமாக ஓடும். நான் அதைத் தொடுவதில்லை. கூட்டம் சேர்ந்தால் ஆட்டம் மெதுவாவது அந்தக் கால ஆட்டக்காரனுக்குக் கிடைத்த மூச்சு.

படத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முஸ்தபாவின் திரை 384 புள்ளி அகலம், 224 புள்ளி உயரம். ஆனால் கடையில் இருந்த குழாய்த் திரை நான்குக்கு மூன்று. அதாவது ஒவ்வொரு புள்ளியும் சதுரம் அல்ல, சற்று ஒடுங்கியது. ‘சதுரப் புள்ளி’ என்ற அமைப்பை முடுக்கிவிட்டால் முஸ்தபா ஒரு சுற்றுப் பருத்துவிடுவான். அடுத்து, 224 வரிகளை 1080 வரிகள் கொண்ட இன்றைய திரையில் நிரப்பினால் ஒரு வரிக்கு 4.82 வரி வருகிறது. சில வரிகள் தடித்தும் சில மெலிந்தும் போவது அதனால்தான். முழு எண் அளவில் நான்கு மடங்கு என்று வைத்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவது நல்லது. ஷேடர் என்ற வசதி குழாய்த் திரையின் வரி இடைவெளி, ஒளிக் கசிவு, கண்ணாடியின் வளைவு எல்லாவற்றையும் கணக்கிட்டுப் பூசுகிறது. அது ஏக்கத்துக்கான அலங்காரம் மட்டுமல்ல. அந்தக் காலத்து ஓவியர்கள் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து கலக்கும் என்று தெரிந்தே வரைந்தார்கள். ஷேடர் இல்லாமல் பார்ப்பது, தூரத்திலிருந்து பார்க்க வேண்டிய பேனரை மூக்கு படப் பார்ப்பது போல.

நகலுக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. மேமில் ஆட்டத்தைப் பதிவுசெய்தால் அது படமாகப் பதியாது. எந்தக் கணத்தில் எந்தப் பட்டன் என்பதை மட்டுமே குறித்துக்கொள்ளும். ஒரே தொடக்க நிலை, ஒரே பட்டன் வரிசை என்றால் முழு ஆட்டமும் இம்மி பிசகாமல் மறுபடி நடக்கும், அதே மேம் பதிப்பில் ஓட்டும்வரை. இப்படிப்பட்ட வசதிகள் இருப்பதால்தான் சாதனைப் பட்டியல்களில் எமுலேட்டர் ஆட்டம் தனி, போர்டு ஆட்டம் தனி. 2018 ஏப்ரலில் ‘ட்வின் கேலக்ஸீஸ்’ என்ற சாதனைப் பதிவு அமைப்பு, பிரபல ஆட்டக்காரர் ஒருவரின் ‘டாங்கி காங்’ பதிவுகள் மாற்றப்படாத அசல் போர்டிலிருந்து வந்தவை அல்ல என்று சொல்லி அவர் சாதனைகளை நீக்கியது. கட்டம் மாறும்போது இரும்புத் தளங்கள் திரையில் தோன்றும் வரிசை போர்டில் ஒருவிதம், பழைய மேம் பதிப்பில் ஒருவிதம். சான்றாக வைக்கப்பட்டது சில படங்கள் நீடிக்கும் அந்த வித்தியாசம்தான். அவர் மறுத்தார், வழக்கும் போட்டார். 2024 ஜனவரியில் சமரசமானது.

போர்டையே நம்பியிருக்கலாமே என்றால், முஸ்தபா போர்டில் ஒரு பேட்டரி இருக்கிறது. நகலெடுக்காமல் காக்கும் ரகசிய எண்கள் அதன் மின்சாரத்தில்தான் உயிரோடிருக்கின்றன. பேட்டரி தீர்ந்தால் எண்கள் அழியும், போர்டு ஊமையாகும். சேகரிப்பாளர்கள் அதைத் தற்கொலை பேட்டரி என்றே அழைக்கிறார்கள். நம் கடைகளில் ஓடியவை எல்லாம் காப்காம் செய்ததுதானா என்பதும் கேள்வி. முஸ்தபாவின் திருட்டு நகல்கள் பல உலவின. ‘டைனோசார் ஹண்டர்’ என்ற பெயரில் வந்த சீன நகல் உட்படச் சிலவற்றை மேம் தனித்தனியாகப் பதிந்து வைத்திருக்கிறது. பதியப்படாதவை எங்காவது பரணில் கிடக்கலாம்.

அப்படி ஒரு போர்டு உங்கள் வீட்டிலோ, மூடிப்போன கடை ஒன்றின் மூலையிலோ இருந்தால், காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் சில சிப்புகளின் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அடியில் இருப்பது ஒரு கண்ணாடிச் சன்னல். வெயிலின் புற ஊதா ஒளி அதன் வழியே போனால் உள்ளே எழுதியது அழியும். ஸ்டிக்கரைப் பிய்க்காமல், நிழலில், காகிதத்தில் சுற்றி வையுங்கள். படிக்கத் தெரிந்தவர் வரும்வரை அது போதும்.